கலியபெருமாளின் ஜீப் ஏன் நின்றது

வீட்டு வாசலில் அந்த ஜீப்புக்கு ஒரு குறையும் இல்லை. மூன்று மாதம் ஓடாமல் கிடந்த வண்டி. பேட்டரியைச் சார்ஜ் ஏற்றிப் போட்டதும் இரண்டாவது உறுமலில் பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரம் ஓடவிட்டார்கள். சத்தத்தில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"வாசல்ல நல்ல புள்ள. வெளிய போனா ரவுடி. எங்க வீட்லயும் ஒண்ணு இருக்குது" என்றார் மெக்கானிக் சிவப்பிரகாசம். மரக்காணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருபது வருஷமாகப் பட்டறை வைத்திருப்பவர். கையைத் துடைத்துக்கொண்டே தீர்ப்பும் சொன்னார். "பம்பு போச்சும்மா. கழட்டி பாண்டிக்கு அனுப்புவோம். ஒரு வாரத்துல வந்துடும்."

"ஒரு வாரம் இல்லண்ணே. ஞாயித்துக்கிழமை வண்டி போயிடும்" என்றாள் கலைமதி.

அன்று வெள்ளிக்கிழமை. வானூர்ப் பக்கத்து விவசாயி குப்புசாமி, ஞாயிறு காலை வந்து வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். சவுக்குத் தோப்புக்குள் மரம் இழுக்க அவருக்கு நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும். கலைமதியின் அம்மா சுலோசனா ஒத்துக்கொண்டுவிட்டாள். வீட்டில் ஓட்ட ஆள் இல்லை. வாசலில் நிற்கிற வண்டியைத் தினமும் பார்க்கவும் அவளால் முடியவில்லை.

"விக்கிற வண்டிக்கு எதுக்கு வைத்தியம்? அவனே பாத்துக்கறேன்னு சொல்லிட்டானே" என்றார் சிவப்பிரகாசம்.

வண்டி ஏன் நின்றது என்று கலைமதிக்குத் தெரிந்தாக வேண்டும். வண்டி வானூருக்குப் போய்விட்டால் அது இந்த ஜென்மத்தில் தெரியப்போவதில்லை.

*

அவளுடைய அப்பா கலியபெருமாள் உயரமான ஆள். பேச்சு குறைவு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பதினாலு வயதில் உப்பளத்தில் இறங்கி, பாத்தியில் பலகை பிடித்து உப்பு வாரினார். இருபத்தாறு வயதில் முதலாளியின் ஜீப்பைக் கழுவப் போனவர், இரண்டு வருஷத்தில் அதை ஓட்ட ஆரம்பித்தார். அது அரசாங்க ஏலத்தில் எடுத்த பழைய ஜீப். முதலாளி லாரிக்கு மாறியபோது ஜீப் கலியபெருமாளிடமே தங்கிவிட்டது.

மரக்காணம் உப்பளத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர் கிடக்கும், குடிக்க ஒரு வாய் கிடைக்காது. ரோட்டிலிருந்து கடைசிப் பாத்திவரை கரைமேல் மண்பாதை. ஒரு பாத்தியின் வரப்பை உடைத்துத் தண்ணீரை விட்டால் பாதை களியாகிவிடும். டிராக்டரும் இந்த ஜீப்பும்தான் அதில் போகும். விடியற்காலையில் வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு நடை, பத்து மணிக்குக் குடிதண்ணீர் டிரம்களோடு ஒரு நடை. பத்தொன்பது வருஷம் கலியபெருமாளின் வேலை இதுதான். அவர் வராத நாளில் கடைசிப் பாத்திக்காரர்களுக்குத் தாகம். அதனால் அவர் வராத நாள் என்று ஒன்று இருந்ததில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. உப்புக்காற்றில் இரும்புக்கு ஆயுசு கம்மி. நேற்று வாங்கிய பூட்டு நாளைக்குத் திறக்காது. அதனால் அமாவாசைக்கு அமாவாசை ஒரு டப்பா கிரீஸை எடுத்துக்கொண்டு உட்காருவார். ஜீப்பின் ஒவ்வொரு நட்டு, கீல், இடுக்கு எல்லாவற்றிலும் விரலால் அப்புவார். அது முடிந்தால் வீட்டுக் கதவு. அதுவும் முடிந்தால் கிணற்றுக் கப்பி, அரிவாள்மனை ஆணி, கலைமதியின் சைக்கிள் பெல். கிரீஸ் அப்பிய பெல் அடிக்காது. "அடிக்காட்டி என்னா, துரு புடிக்காதுல்ல" என்பார்.

கலைமதி பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் எடுத்தபோது சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். கிரீஸ் கையோட பொம்பளப் புள்ளைய எவன் கட்டுவான் என்றார்கள். "எங்க வூட்ல எல்லார் கையும் அப்படித்தான்" என்றார் கலியபெருமாள். அந்த வருஷத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அது.

படித்து முடித்து, சென்னைக்கு வெளியே ஒரு கம்பெனியில் டீசல் இன்ஜின்களைச் சோதித்து அனுப்பும் பிரிவில் சேர்ந்தாள். அவள் கையெழுத்துப் போட்டால்தான் இன்ஜின் வெளியே போகும்.

2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தது. அந்த வாரம் முழுக்கக் கலியபெருமாள் கரையோரக் குப்பங்களுக்கும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கும் இடையில் ஓட்டிக்கொண்டே இருந்தார். இடுப்பளவு உப்புத்தண்ணீரில் போன ஜீப். டேங்க்குக்குள் கடல்தண்ணீர் இறங்கிவிட்டது. டேங்க்கை இறக்கி, கவிழ்த்து, காயவைத்து மாட்ட அவருக்கு இரண்டு நாள் ஆயிற்று. பொங்கலுக்குக் கலைமதி வந்தபோது டீசல் பைப் துருவேறி உதிர்ந்துகொண்டிருந்தது.

டேங்க்கிலிருந்து, டீசலை இழுத்து இன்ஜினுக்குக் கொடுக்கிற ஃபீட் பம்ப்வரை புது பைப் போட்டாள். அந்தப் பைப் பம்பில் சேருகிற இடத்தில் மேலும் கீழுமாக இரண்டு செம்பு வாஷர் வரும். அன்று போகி. கடை பூட்டியிருந்தது. பழைய வாஷர்களையே அடுப்பில் சிவக்கக் காட்டித் தண்ணீரில் போட்டு, உப்புத்தாளில் தேய்த்து மாட்டினாள். ஊரில் எல்லாப் பட்டறையிலும் செய்வதுதான். கம்பெனியில் இருந்தால் செய்திருக்கமாட்டாள்.

அந்த இடத்தில் முடி அளவு இடுக்கு இருந்தால் போதும். பம்ப் டீசலோடு காற்றையும் இழுக்கும். காற்று சேரச் சேர இன்ஜின் இளைத்து நின்றுவிடும்.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனில் கேட்டாள். "வண்டி எப்படிப்பா இருக்குது?"

"அதுக்கென்ன, குதிரை மாதிரி ஓடுது."

ஏப்ரல் பதினெட்டாம் தேதி, பத்து மணி நடையில், பாதி வழியில் மதகுப் பக்கம் ஜீப் நின்றது. அப்பாவுக்கு அங்கேயே நெஞ்சுவலி வந்தது. வண்டி கிளம்பவில்லை. டிராக்டரைக் கூட்டிவர ஆள் ஓடி, டிராக்டர் வந்து, ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. பெரிய அடைப்பு, இன்னும் கொஞ்சம் முன்னே வந்திருந்தாலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். மறுநாள் ஒருவர் போய்ச் சாவியைத் திருப்பியதும் வண்டி பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி அன்றைக்கு மட்டும் நின்றது, விதி, என்றது ஊர்.

கலைமதி நிரப்புகிற சோதனைத் தாளில் விதி என்று ஒரு கட்டம் கிடையாது. காற்று இழுத்து நின்ற வண்டிகள் ராத்திரி கழிந்து மறுநாள் கிளம்புவதை அவள் பார்த்திருக்கிறாள்.

அவளை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. வாஷர் விஷயம் யாருக்கும் தெரியாது. ஏப்ரலுக்குப் பிறகு கம்பெனியில் ஒரு நட்டை முறுக்கிவிட்டு மூன்று தடவை திரும்பிவந்து தொட்டுப் பார்த்தாள். ஒரு நாளைக்கு எட்டு இன்ஜின் அனுப்புகிறவள் மூன்று அனுப்பினாள். சூப்பர்வைசர் கூப்பிட்டு, லீவு வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றார். எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

*

வாசலில் நிற்கும்போது இன்ஜின் டீசலைத் தொட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். பாரத்தோடு சேற்றில் இழுக்கும்போதுதான் குடிக்கும். குறையைப் பார்க்க வேண்டுமானால் குறை வந்த இடத்துக்குத்தான் போக வேண்டும்.

சனிக்கிழமை காலை, கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற கண்ணாடிபோல் தெரியும் டியூபில் இரண்டு துண்டு வெட்டினாள். ஒரு துண்டைப் பம்புக்கு முன்னால் ரப்பர் பைப் இருந்த இடத்தில் மாட்டினாள். இன்னொன்றைப் பம்புக்குப் பின்னால். நடுவில் இருந்த தன்னுடைய இணைப்பை, அந்த இரண்டு வாஷர்களை, சாவியால்கூடத் தொடவில்லை. காற்று அங்கே நுழைந்தால் பின்துண்டில் குமிழி வரும். வந்தால் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தாள். பாதிக்குமேல் டீசல் இருந்தது. மூடியைச் சுற்றி அப்பாவின் கிரீஸ், உப்புப் படிந்து வெள்ளையாக இறுகியிருந்தது. மூடினாள். திறந்ததில் உதிர்ந்த கிரீஸை விரலால் வழித்துப் பழையபடி அப்பினாள். யோசித்துச் செய்யவில்லை. அந்த வீட்டில் பிறந்த விரல்.

நான்கு டிரம்மிலும் தண்ணீர் நிரப்பினார்கள். விருத்தாம்பாள் ஏறிக்கொண்டாள். கடைசிப் பாத்தியில் முப்பது வருஷமாக உப்பு வாருகிறவள். டிரம் இறக்க அப்பாவோடு தினமும் பத்து மணி நடையில் வந்தவள். ஏப்ரலில் டிராக்டரைக் கூட்டிவர ஓடியவளும் அவள்தான்.

"உங்கப்பன் என்னை முன்னாடி சீட்ல உக்கார வுட்டதே இல்ல. டிரம்மு மேலதான். நீ எவ்ளோ மரியாதையா வளந்துருக்க பாரு" என்றாள்.

"டிரம்மு அசையாம இருக்கணும்னு வெச்சிருப்பாரு அத்தை."

"ஆமாமா. நான் என்ன பொம்பளயா, பாரக்கல்லுதானே."

ரோட்டை விட்டு இறங்கும் இடத்தில் கலைமதி வண்டியை நிறுத்தினாள். இறங்கி முன் சக்கரங்களின் நடுவில் இருந்த திருகைக் கையால் திருப்பிவிட்டாள். ஏறி, கியர் கம்பிக்குப் பக்கத்தில் இருந்த இரண்டாவது கம்பியை இழுத்தாள். நான்கு சக்கரமும் சேர்ந்தன. கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது ஐம்பது.

பாதையில் முந்தின நாள்தான் பாத்தி உடைத்திருந்தார்கள். களி சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து விட்டது. இன்ஜின் முக்கி முனகியது. பானெட்டைத் திறந்து பின்பக்கமாகக் கட்டியிருந்ததால் கண்ணாடிக்கு மேலே கழுத்தை நீட்டி ஓட்ட வேண்டியிருந்தது. சிவப்பிரகாசத்தின் பழைய டார்ச் ஒன்று பின்துண்டின்மேல் வெளிச்சம் அடிக்கும்படி கட்டியிருந்தது. டீசல் தேன் நிறத்தில் ஓடியது. குமிழி இல்லை. பத்து நிமிடம். இல்லை. பதினைந்து. இல்லை.

பதினெட்டாவது நிமிடத்தில் இழுவை குறைந்தது. விருத்தாம்பாள் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள். இருபத்திரண்டாவது நிமிடத்தில் இன்ஜின் இரண்டு தடவை இருமி, நின்றுவிட்டது. இடது பக்கம் மதகு.

கலைமதியின் கை ஸ்டியரிங்கிலிருந்து இறங்கவில்லை. ஏப்ரலில் அப்பா கடைசியாக உட்கார்ந்திருந்த கரைக்கல் பத்தடி தள்ளி இருந்தது. அதைப் பார்க்காமல் குதித்து இன்ஜின் பக்கம் போனாள்.

பின்துண்டில் டீசல் அப்படியே நின்றது. ஒரு குமிழிகூட இல்லை. குனிந்து முன்துண்டைப் பார்த்தாள். ஒரு நிமிடம் அவளுக்குப் புரியவில்லை. உருண்டையாக இருந்த டியூப், குழந்தை உறிஞ்சிப் போட்ட ஐஸ் கவர் மாதிரி சப்பிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

பம்ப் இழுக்கிறது. டேங்க் டீசலைக் கொடுக்கவில்லை. இழுத்த இழுப்பில் டியூபே ஒட்டிக்கொண்டது. அந்த இழுப்புக்கும் வாஷர் வழியாகத் துளிக் காற்று உள்ளே வரவில்லை.

ஓடிப்போய் டேங்க் மூடியில் கை வைத்தாள். திருக வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாள்.

புஸ்ஸ்ஸ்.

நீளமாக, பெருமூச்சு மாதிரி, டேங்க் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டது. இன்ஜின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சப்பியிருந்த டியூப் மெல்ல உருண்டையாகி, டீசல் ஏறியது.

மூடியைப் புரட்டினாள். உள்ளே லாரி டியூபில் வட்டமாக வெட்டிய தடித்த ரப்பர். கத்தரிக்கோலின் வளைவு பார்த்ததும் தெரிந்தது, அப்பாவின் வெட்டு. மூடியின் தலையில் குண்டூசி போகிற அளவுக்கு ஒரு துளை இருக்க வேண்டும். டீசல் குறையக் குறைய அதன் வழியாகக் காற்று உள்ளே வந்து இடத்தை நிரப்பும். கிரீஸும் உப்பும் சேர்ந்து அதைச் சிமெண்ட் போட்ட மாதிரி அடைத்திருந்தன. கடல்தண்ணீர் ஒரு தடவை டேங்க்குக்குள் போய்விட்டது. இனி ஒரு சொட்டு போகக்கூடாது என்று அந்த மனிதர் டேங்க்கின் மூச்சையே அடைத்து வைத்திருக்கிறார். வாசலில் டேங்க்குக்கு அது தெரியாது. சேற்றில் இழுத்துக் குடிக்கும்போது தெரியும். இருபது நிமிடத்தில் மூச்சு முட்டும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் இடுக்குகளில் காற்று கசிந்து, மறுபடி ஓடும்.

"அத்தை, ஒரு ஊக்கு குடு."

விருத்தாம்பாள் தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். கலைமதி துளையைக் குத்தினாள். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு புழு போல வெளியே வந்தது. ரப்பரிலும் ஓட்டை போட்டாள். மூடியை வாயில் வைத்து ஊதினாள். காற்று போயிற்று.

பிறகு சக்கரத்தில் சாய்ந்து களியிலேயே உட்கார்ந்தாள்.

"இன்னா பாப்பா? இன்னாவாம்?"

"என் மேல தப்பு இல்ல அத்தை." சொன்னதும் அவளுக்கே கூச்சமாக இருந்தது. அப்பா போய்விட்டார், இதில் தப்பென்ன, சரியென்ன. ஆனாலும் இன்னொரு தடவை சொன்னாள். "நான் போட்ட பைப்பு நல்லாதான் இருக்குது. மூடியில இருக்கிற ஓட்டைய அப்பா கிரீஸ் வெச்சு அடைச்சுட்டாரு. அதான் நிக்குது. வேற ஒண்ணுமே இல்ல."

விருத்தாம்பாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அட பாவி மனுசா. அந்த ஆளு உன் வேலைதான் கோளாறுன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தாரு."

கலைமதி நிமிர்ந்தாள். "யாரு?"

"உங்கப்பன்தான். வேற எவன்."

சொல்லலாமா கூடாதா என்று விருத்தாம்பாள் ஒரு கணம் தடுமாறினாள். பிறகு இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு எதிரில் குந்தினாள்.

"அன்னிக்கு மட்டும் நிக்கல பாப்பா. மாசி மாசத்துலேந்து நின்னுக்கிட்டேதான் இருந்துச்சு. தெனமும் இதே மதகுக்கிட்ட. நின்னா பதறமாட்டாரு. எறங்குவாரு, ஒரு பீடி பத்த வெப்பாரு. பத்து நிமிசம். சாவியத் திருப்புனா கெளம்பிடும். ஏண்ணே, சிவப்பிரகாசத்துக்கிட்ட காட்டக் கூடாதான்னு கேட்டேன். வாயைத் தொறந்தாரு பாரு, அன்னிக்குத்தான். 'எம் பொண்ணு பாத்த வண்டி. இன்னொருத்தன் கழட்டிப் பாத்து, அந்தப் பொண்ணு சரியா போடலன்னு ஊரெல்லாம் சொல்லணுமா? ஆடி மாசம் லீவுக்கு வரும். அதுவே பாத்துக்கும். நீ எங்கயாவது வாயை வுட்ட, தண்ணி டிரம்ம நீதான் தலைல தூக்கிக்கிட்டு வரணும்.' அதான் நான் யாருக்கும் சொல்லல. அவரு போனதுக்கப்புறம் இன்னும் சொல்லக் கூடாதுன்னு இருந்துட்டேன். உனக்குத் தெரிஞ்சா நீ தாங்குவியான்னு."

குதிரை மாதிரி ஓடுது. பத்து ஞாயிற்றுக்கிழமை. போனை வைத்துவிட்டு மறுநாள் காலையில் இதே மதகில் நின்றிருக்கிறார்.

"அன்னிக்கும்?" என்று கேட்டாள்.

"அன்னிக்கும் அப்படித்தான் எறங்கி உக்காந்தாரு. அப்புறம்தான் நெஞ்சைப் புடிச்சாரு. நான் பயந்துட்டேன். வண்டியப் பாத்துத் திட்டினேன். அதுக்கென்ன, பத்து நிமிசத்துல வரும்னாரு. வந்தாலும் ஓட்ட ஆளு ஏது, எனக்குத் தெரியாதே, டிராக்டருக்கு ஓடினேன். வண்டி மேல கோவமே இல்ல அந்த ஆளுக்கு."

கலைமதி அழுதாள். ஏப்ரலிலும் அழுதிருந்தாள். அப்போது அந்த வாஷர்களின் நினைப்பு பாதி அழுகையை அடைத்துக்கொண்டிருந்தது. இப்போது அது இல்லை. அடைப்பில்லாமல் அழுதாள். விருத்தாம்பாள் தடுக்கவில்லை. டிரம்மிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். "குடி. மீதியில மூஞ்சக் கழுவு. அங்க சனமெல்லாம் தண்ணி இல்லாம நாக்கு வறண்டு கெடக்கும்."

சாவியைத் திருப்பியதும் வண்டி பிடித்தது. அங்கிருந்து இருபது நிமிடத்தில் கடைசிப் பாத்தி வந்தது. பெண்கள் பலகையைப் போட்டுவிட்டு வந்தார்கள். டிரம்களை இறக்கி, நின்ற இடத்திலேயே வண்டியைத் திருப்பி, வேண்டுமென்றே பாதையின் மோசமான ஓரத்தில் ஓட்டிக்கொண்டு வந்தாள். மதகு வந்தது. போனது. ரோட்டில் ஏறும்போது கடைசிப் பாத்தியிலிருந்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. இறங்கி முன் சக்கரத் திருகைப் பழையபடி திருப்பினாள். வீட்டுக்கு வந்து டியூப் துண்டுகளை எடுத்துவிட்டு ரப்பர் பைப்பை மாட்டிக் கிளாம்பை முறுக்கினாள்.

சுலோசனா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கலைமதி எல்லாவற்றையும் சொன்னாள். செம்பு வாஷரில் ஆரம்பித்து, மூன்று மாதமாகத் தன் மனசில் இருந்ததையும், அப்பா மறைத்ததையும், ஊக்கையும். சுலோசனா முறத்தைக் கீழே வைத்தாள்.

"கிரீஸா?"

"கிரீஸ்தாம்மா."

"வுட்டிருந்தா என் தாலிக்கும் தடவியிருப்பாரு, துருப் புடிக்கும்னு" என்றாள் சுலோசனா. சொன்ன பிறகுதான் தாலி என்ற சொல் அவளுக்கு உறைத்தது. கை வெறும் கழுத்துக்குப் போயிற்று. ஆனாலும் சிரிப்பு முன்னால் வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவை. பிறகு மகளின் கையைப் பிடித்து, "இத்தனை நாளா இதையா சுமந்துக்கிட்டுத் திரிஞ்ச? ஏன்டி, ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன? அப்படியே அப்பன்" என்றாள்.

*

ஞாயிறு காலை குப்புசாமி வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கூட ஓட்டிப்போக ஒரு மைத்துனர். சிவப்பிரகாசமும் வந்திருந்தார். பம்பு விஷயத்தில் தோற்றுப்போனதை அவரே எல்லாருக்கும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். "நான் பம்பைக் கழட்டியிருந்தா, பம்பு நல்லாருக்குன்னு பாண்டிக்காரன் திருப்பி அனுப்பியிருப்பான். நான் மறுபடி மாட்டியிருப்பேன். வண்டி மறுபடி மதகுல நின்னிருக்கும். ஆயுசு பூராவும் ஓடியிருக்கும் இந்தக் கூத்து."

குப்புசாமி ஜீப்பை மூன்று தடவை சுற்றிவந்தார். சக்கரத்தை உதைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இன்ஜினுக்குள் தலையை விட்டார். இரண்டு தலைமுறையாக ஆயில் இன்ஜின் வைத்து இறைக்கிறவர். பார்க்கத் தெரிந்த கண்.

"ஏம்மா, மறைக்காம சொல்லு. என்ன குறை இருக்குது இதுல?"

"ஒண்ணே ஒண்ணுதாங்க. டேங்க் மூடியில ஒரு சின்ன ஓட்டை இருக்குது பாருங்க. அதுல கிரீஸ் தடவாதீங்க. மழைக்கு வேணும்னா ஒரு துணி போட்டுக்குங்க. துணி மூச்சு வுடும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாங்க."

குப்புசாமி மறுபடி குனிந்தார். பம்பில் பைப் சேருகிற இடத்தை விரலால் தடவி, விரலை முகர்ந்து பார்த்தார். காய்ந்த விரல்.

"பழைய வண்டின்னா இந்த எடத்துல ஈரம் இல்லாம நான் பாத்ததே இல்ல. யாரு போட்டது இது? சிவப்பிரகாசம், நீயா?"

"நமக்கு அவ்ளோ பொறுமை ஏதுப்பா" என்றார் சிவப்பிரகாசம்.

சுலோசனா மகளைப் பார்த்தாள்.

"நான்தாங்க" என்றாள் கலைமதி. "பொங்கலுக்கு வந்தப்ப போட்டேன். புது வாஷர் கெடைக்கல. பழசையே சூடு காட்டிப் போட்டேன்."

"இருக்கட்டுமே. கசியாம நிக்குது இல்ல?"

"நிக்குதுங்க."

மைத்துனர் வண்டியை எடுத்தார். ஜீப் தெருமுனையில் திரும்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறுகிற சத்தம் கேட்டது. கியர் மாறியது. இன்னொரு தடவை மாறியது. நிற்கவில்லை.

வாசலில் ஜீப் நின்ற இடத்தில் எண்ணெய்க்கறை மட்டும் கிடந்தது. சுலோசனா அதன்மேல் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினாள். கலைமதி கை கழுவக் குனிந்தபோதுதான் நினைவுக்கு வந்தது. நேற்று ரப்பர் பைப்பை மாட்டிக் கிளாம்பை ஒரே தடவை முறுக்கியிருந்தாள். திரும்பிப் போய்த் தொட்டுப் பார்க்கவில்லை. ராத்திரி எழுந்து போய்ப் பார்க்கவும் இல்லை. நன்றாகத் தூங்கியிருந்தாள்.

"இன்னாடி யோசனை?" என்றாள் சுலோசனா.

"ஒண்ணும் இல்லம்மா. நாளைக்குக் காலைல முதல் பஸ்ஸுக்கு எழுப்பிவுடு. வேலைக்குப் போறேன்."